எந்த அன்பியம்?

வியான்னி கேட்டபோது
என் கையில் வஞ்சிரத் துண்டு இருந்தது.
"பாப்பாவுக்கு நீதான் ஞானத்தாய்" என்றான்
தண்ணி ஜக்கை இந்தப் பக்கம் தள்ளு என்பதுபோல.
ஜெனோபா தட்டைப் பார்த்துச் சிரித்தாள்.
கீழே எண்ணூர் நெடுஞ்சாலையில்
கன்டெய்னர் லாரிகள்
நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது நின்ற இடத்திலேயே நின்றன.

யோசிக்கிறேன் என்றேன்.
இதுல யோசிக்க இன்னா இருக்கு என்றான்.

அதுதான் எனக்கும் தெரியவில்லை.
எங்களுக்குக் கோயில் என்றால்
வருசத்துக்கு ஒரு நள்ளிரவு, அதுவும் பீடம் தெரியாத வாசலோரம்.
அப்புறம் கல்யாணம், அடக்கம்,
புது பைக்குக்குத் தீர்த்தம்.
பெரிய வெள்ளிக்குக் கறி எடுக்கமாட்டோம்.
ஏன் என்று கேட்டால்
கூட்டமா இருக்கும் கடையில் என்பார் அப்பா.

பாதிக் காரணம் ஸ்கூல் சீட்டு, ஒப்புக்கொண்டான்.
மீதிப் பாதியைச் சொல்ல வந்து
மீன் முள்ளை எடுக்க ஆரம்பித்துவிட்டான்.
நான் இல்லையென்றால் ஜெனோபாவின் ஆபீஸ் தோழியாம்.
தினம் காலை ஐந்தரைக்கு வசனம் அனுப்புகிறவள்.
அவளுக்கு எல்லாம் தெரியும்.
அதனாலேயே அவள் வேண்டாம் என்று தோன்றியது.
அது பொறாமையா, வேறெதுவுமா,
இன்றுவரை பிரித்துப் பார்க்கவில்லை.

பங்கு அலுவலகத்தில் கடிதம் வாங்கப் போனேன்,
சும்மா, கேட்டு வைப்போம் என்று.
எந்த அன்பியம், என்றார் கணக்கர்.
தெருப் பெயரைச் சொன்னேன்.
தெரு இல்லம்மா, அன்பியம்.
பேரேட்டில் அப்பாவின் பெயர்மேல் விரல் வைத்து
சந்தா பதினொரு வருசம் பாக்கி என்றார்.
மாதம் பத்து. ஆயிரத்து முந்நூற்று இருபது.
ஜிபே இருக்கா என்றேன்.
இருந்தது.

அதே அலமாரியில் என் பிறப்பு வருடமும் இருந்தது.
பெலிசித்தா, பெண். ஞானத்தாய்: மெட்டில்டா.
யாரும்மா மெட்டில்டா?
போனில் அம்மா நெடுநேரம் பேசவில்லை.
பிறகு சொன்னாள்:
பொன்னேரியிலிருந்து உங்க சித்தி வரணும்,
டிரெயின் அத்திப்பட்டுலயே நின்னுபோச்சி.
சாமியாருக்கு அடுத்த பூசைக்கு நேரமாச்சி.
மெழுகுவத்தி ஏத்த வந்த ஒருத்தியக் கூப்பிட்டு நிறுத்தினோம்.
பச்சைப் புடவை. நல்லா புடிச்சிக்கினா.
நீ அழவே இல்ல.
அப்புறம்?
அப்புறம் என்ன, கேக்கு குடுத்தோம். போயிட்டா.

எனக்காகப் பசாசை விட்டொழித்தவள்
கையில் கேக்கோடு பஸ் ஏறியிருக்கிறாள்.
என்னை மறந்திருப்பாள் என்று சொல்லக்கூட முடியாது.
மறக்க முதலில் தெரிந்திருக்க வேண்டும்.
ஆனால் அந்தப் பத்து நிமிடம்
தலையைத் தாங்கியிருக்கிறாள்,
பேர் கேட்டபோது பொய் சொல்லாமல் கொடுத்திருக்கிறாள்.

வண்டியில் வரும்போது ஹெல்மெட்டுக்குள் சொல்லிப் பார்த்தேன்.
பசாசை விட்டுவிடுகிறீர்களா?
விட்டுவிடுகிறேன்.
அதன் ஆரவாரங்களை?
விட்டுவிடுகிறேன்.
இதெல்லாம் சுலபமாகத்தான் வந்தது.
விசுவசிக்கிறீர்களா என்ற இடத்தில்
டோல்கேட் சிக்னல் பச்சையாகி
பின்னால் தண்ணி லாரிக்காரன் ஹாரனை அமுக்கினான்.

அப்பாவின் அடக்கத்துக்கு
மண் போட்ட பிறகு வந்தவன் இந்த வியான்னி.
அதையும் நினைத்துக்கொண்டேன்.
நினைக்கக் கூடாதென்று யாரும் சொல்லவில்லையே.

இரவு பதினொன்றுக்கு அவனுக்கு அனுப்பினேன்:
பாப்பா இப்ப எவ்ளோ வெயிட்?
ஏழு நானூறு. ஏன்?

பதில் போடவில்லை.
சமையலறையில் ஐந்து கிலோ அரிசிப் பை,
அதன்மேல் இட்லிப் பானை,
இரண்டையும் இடது கையில் அணைத்து
கடிகாரத்தின் எதிரே நின்றேன்.
சாமியார் வேகமாகப் படிக்கிறவராய் இருந்தால் பத்து நிமிடம்.

ஆறாவது நிமிடத்தில்
தோளை மாற்றிக்கொண்டேன்.